ஊசி போட்டவரும் ஐ.சி.யூ.வில்! பிறகு ஊசி எதற்கு?

காஞ்சீபுரத்துக்குக் கூட்டம் புதிதல்ல.

2019-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அத்திவரதர் குளத்தை விட்டு வெளியே வந்தார். 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை வருகிறவர் அவர். 48 நாட்கள் காட்சி கொடுத்தார். ஒரு கோடிப் பேர் வந்து தரிசித்ததாகக் கணக்குச் சொன்னார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு மக்கள் நின்றார்கள். ஆகஸ்டு 17-ந் தேதி தரிசனம் முடிந்து, அவர் மறுபடியும் குளத்துக்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் கூட ஆகவில்லை.

2020-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி ஒரு செய்தி வந்தது. தமிழ்நாட்டில் முதன் முதலாக ஒருவருக்குக் கொரோனா! வெளிநாட்டில் இருந்து திரும்பிய அவர், காஞ்சீபுரத்துக்காரர்.

நல்ல வேளை, அவர் சில நாட்களில் குணமாகிவிட்டார். ஆனால் வியாதி போகவில்லை. ஊருக்குள் வந்தது. தெருவுக்குள் வந்தது. தறி இருக்கும் அறைக்குள்ளும் வந்தது.

(ஒரு வருஷம் முந்தி அந்த வியாதி வந்திருந்தால்? அந்தக் கூட்டத்துக்கு நடுவே வந்திருந்தால்? நினைக்கவே நடுங்குகிறது.)

அடுத்த ஆண்டு, 2021 ஜனவரி 16-ந் தேதி, தடுப்பு ஊசி வந்தது. ஊசியோடு கேள்விகளும் வந்தன. அவற்றில் ஒரு கேள்வியை இன்றைக்கும் டீக்கடையில் கேட்கலாம்.

"ஊசி போட்டவனும் ஐ.சி.யூ.வில் கிடந்தானே! பிறகு ஊசி எதற்கு?"

நியாயமான கேள்விதான். சிரித்து ஒதுக்கக்கூடாது. இதற்குப் பதில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இது நடந்த கதை அல்ல. நடந்திருக்கக்கூடிய கதை.

வீட்டில் அண்ணன், தம்பி. அண்ணனுக்கு 61 வயது. சர்க்கரை வியாதி உண்டு. தம்பிக்கு 49. திடகாத்திரமானவர். இருவரும் ஒரே தறியில் உட்காருகிறவர்கள்.

கோர்வைச் சேலை நெய்வதற்கு ஒருவர் கை போதாது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோத்து வாங்க, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். ஒரு முழம் இடைவெளி கூட இருக்காது. "ஆறடி தள்ளி நில்" என்று சர்க்கார் சொன்னால் தறி எப்படி ஓடும்?

2021 மார்ச் மாதம், 60 வயது தாண்டியவர்களுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். அண்ணன் போய்ப் போட்டுக்கொண்டார். ஏப்ரல் நடுவில் இரண்டாவது ஊசியும் போட்டாகிவிட்டது.

ஏப்ரல் 1-ந் தேதி முதல் 45 வயதுக்காரர்களும் போடலாம் என்றார்கள்.

"தம்பி, நீயும் போய்ப் போட்டுக்கிட்டு வந்துடு."

"இந்த முகூர்த்தச் சேலை முடியட்டும், அண்ணே. ஊசி போட்டா ரெண்டு நாள் ஜுரம் வருமாம். ரெண்டு நாள் கூலி யார் கொடுப்பா?"

அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு ரெண்டு நாள் ஜுரம் என்பது ரெண்டு நாள் லீவு. நெசவாளருக்கு ரெண்டு நாள் ஜுரம் என்பது ரெண்டு நாள் சோறு. இதைப் புரிந்துகொள்ளாமல் "ஜனங்களுக்கு அறிவு இல்லை" என்று பேசியவர்கள் அப்போது அநேகம் பேர்.

சேலை முடிவதற்குள் இன்னொரு செய்தி வந்தது.

விவேக் மரணமும் வதந்தியும்

நகைச்சுவை நடிகர் விவேக், ஏப்ரல் 15-ந் தேதி சென்னையில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார். மக்கள் பயம் நீங்க வேண்டும் என்று எல்லோரும் பார்க்கப் போட்டுக்கொண்டார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு. 17-ந் தேதி காலமானார்.

தமிழ்நாடே அழுதது. கூடவே வதந்தியும் பரவியது. "ஊசிதான் காரணம்" என்றார்கள். ஊசி போடும் இடங்களுக்குப் போகவே பலர் தயங்கினார்கள்.

அவருடைய இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியமான குழாய் முழுவதும் அடைத்துப்போயிருந்தது என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஊசியால் வரும் கோளாறுகளை ஆராயும் மத்திய சர்க்கார் குழு இதை விசாரித்தது. ஊசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று அக்டோபரில் முடிவு சொன்னது.

ஆனால் அக்டோபருக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. நடுவில் மே மாதம் வந்தது!

2021 மே 21-ந் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்கு வியாதி. படுக்கைக்கு அலைந்தார்கள். ஆக்சிஜனுக்கு அலைந்தார்கள். அது 'டெல்டா' என்ற மாறுதல் அடைந்த கிருமி. நம் இந்தியாவில்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது.

நம் கதை வீட்டிலும் அது நுழைந்தது. அண்ணனுக்கும் ஜுரம், தம்பிக்கும் ஜுரம்.

அண்ணனுக்கு நாலு நாள் ஜுரம். வாயில் ருசி இல்லை. உடம்பு அசதி. அவ்வளவுதான்.

தம்பிக்கு எட்டாம் நாள் மூச்சு வாங்கியது. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் 86 என்று காட்டியது. 94-க்குக் கீழே போனாலே ஆபத்து. பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள்.

ஒரே வீடு. ஒரே தறி. ஒரே கிருமி. சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் படுத்திருந்தார். திடகாத்திரமானவர் ஐ.சி.யூ.வில் கிடந்தார். இது ஏன்?

பாவு பூட்டிய தறி

காஞ்சீபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லுவது சுலபம்.

திடீரென்று ஒருவர் வந்து, "இந்த டிசைனில் ஒரு சேலை, உடனே வேண்டும்" என்கிறார். தறி காலியாக இருந்தால் என்ன ஆகும்? பட்டு வாங்க வேண்டும். சாயம் போட வேண்டும். விடிகாலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட வேண்டும். தறியில் பூட்ட வேண்டும். டிசைன் அட்டை அடித்துக் கோக்க வேண்டும். நெய்வதற்கு முன்னாலேயே நாள் கணக்கில் ஓடிவிடும்.

பாவு ஏற்கெனவே பூட்டியிருந்தால்? அட்டையும் தயாராகத் தொங்கினால்? உட்கார்ந்த உடனே நாடாவைத் தள்ள வேண்டியதுதான்!

உடம்பும் அப்படியே. கொரோனா கிருமியின் மேல் முள் முள்ளாக இருக்கும். அந்த முள்ளைப் பிடித்து முடக்கும் பொருளை நம் உடம்பே செய்கிறது. கிருமி புகுந்த செல்களைத் தேடி அழிக்கும் அணுக்களையும் உண்டாக்குகிறது. ஆனால் புதிய கிருமி என்றால், இதெல்லாம் தயாராக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். அதற்குள் கிருமி நுரையீரலில் இறங்கிவிடலாம்.

ஊசி என்ன செய்கிறது? டிசைன் அட்டையை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. 'கோவேக்சின்' என்பது செத்த கிருமி. 'கோவிஷீல்டு' என்பது முள்ளின் அடையாளத்தை மட்டும் சுமந்து வரும் வேறொரு கிருமி. அது உடம்பில் பெருகாதபடி முடக்கப்பட்டது. இரண்டும் கொரோனாவைத் தரமாட்டா. அடையாளத்தை மட்டும் காட்டிக்கொடுக்கும். உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

சரி, அப்படியானால் அண்ணனுக்கு ஜுரம் ஏன் வந்தது?

இங்கேதான் நம்மில் பலர் ஏமாந்தோம். நம்முடைய பழைய அனுபவம் அம்மை ஊசி. 50 வயது தாண்டிய பலரின் கையில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு. சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில் அந்த மருந்து தயாரானது. (தமிழ்நாட்டில் கொரோனாப் பரிசோதனை முதலில் தொடங்கிய இடமும் அதுவே!) அம்மை குத்திக்கொண்டவர்களுக்குப் பெரியம்மை வருவது அபூர்வம். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மையே இல்லை. 1980-ல் உலகத்திலேயே ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

"குத்தினால் வராது" என்று பழகிய மனசு, கொரோனா ஊசியிடமும் அதையே எதிர்பார்த்தது. இந்த ஊசி அப்படிப்பட்டது அல்ல. கிருமி மூக்கில் நுழைவதை இது ஓரளவுக்குத்தான் தடுக்கும். அந்தத் தடுப்பும் மாதங்கள் போகப் போகக் குறையும். ஆனால் மூக்கில் இருந்து நுரையீரலுக்குப் போய் ஆளை வீழ்த்துவதற்குள், உடம்பு விழித்துக்கொள்ளும். ஜுரம் வரலாம். ஐ.சி.யூ. வரை போவது வெகுவாகக் குறையும்.

இதை ஆரம்பத்திலேயே பளிச்சென்று சொல்லியிருந்தால், பாதிச் சந்தேகம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

வேலூர்க் கணக்கு

'வெகுவாகக் குறையும்' என்றால் எவ்வளவு? கணக்கு இருக்கிறதா? இருக்கிறது. நமக்குப் பக்கத்து ஊர்க் கணக்கே இருக்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 10,600 பேர் வேலை செய்தார்கள். நோயாளிகளுக்கு நடுவே தினமும் நிற்கிறவர்கள். 2021 தொடக்கத்தில் இருந்தே அவர்களுக்கு ஊசி போட்டார்கள். பெரும்பாலும் கோவிஷீல்டு. பிறகு, இரண்டாவது அலை அடித்த நாட்களில் யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று கணக்கு எடுத்தார்கள்.

இரண்டு ஊசியும் போட்டவர்கள் 7,080 பேர். ஊசியே போடாதவர்கள் 1,609 பேர்.

ஊசி போட்டவர்களில் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தவர்கள் 64 பேர்.

ஊசி போடாதவர்களில் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அதுவும் 64 பேர்!

வார்டு வாசலில் நின்று தலையை எண்ணுகிறவர் என்ன சொல்லுவார்? "இந்தப் பக்கம் 64, அந்தப் பக்கம் 64. ஊசி போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்" என்று சொல்லுவார். டீக்கடையில் கேட்கும் கேள்வி இப்படித்தான் பிறக்கிறது.

ஆனால் வார்டுக்குள் தலையை எண்ணினால் போதாது. வெளியே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் எண்ண வேண்டும். ஒரு பக்கம் 7,080 பேரில் 64. இன்னொரு பக்கம் வெறும் 1,609 பேரில் 64. அதாவது, ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. போடாதவர்களில் நூற்றுக்கு 4 பேர்.

வியாதி முற்ற முற்ற இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகிறது. அதுதான் விசேஷம். ஊசி போட்ட 7,080 பேரில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்கள் 4 பேர். ஐ.சி.யூ.வுக்குப் போனவர்கள் 2 பேர். போடாத 1,609 பேரில் ஆக்சிஜன் 11 பேருக்கு. ஐ.சி.யூ. 8 பேருக்கு. விகிதம் போட்டால், ஐ.சி.யூ.வுக்குப் போகும் ஆபத்து 94 சதவிகிதம் குறைந்திருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரி ஊழியர்களில் அதுவரை கொரோனாவால் இறந்தவர் ஒருவர். அவருக்கு வேறு வியாதிகளும் இருந்தன. அவர் ஊசி போட்டுக்கொள்ளாதவர்.

போலீசார் கணக்கு

இன்னொரு கணக்கு இன்னும் பெரியது. ஊரடங்கு நாட்களில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தோம். வெயிலில் சாலை நடுவே நின்றவர்கள் யார்? போலீசார்!

தமிழ்நாட்டுப் போலீசார் 1,17,524 பேரின் விவரங்களைச் சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். இவர்களில் 67,673 பேர் இரண்டு ஊசியும் போட்டவர்கள். 32,792 பேர் ஒரே ஊசி போட்டவர்கள். 17,059 பேர் போடாதவர்கள்.

2021 ஏப்ரல் 13-ல் இருந்து மே 14 வரை 31 போலீசார் கொரோனாவால் இறந்தார்கள். அவர்களில் 20 பேர் ஊசி போடாதவர்கள். 7 பேர் ஒரு ஊசி போட்டவர்கள். 4 பேர் இரண்டும் போட்டவர்கள்.

லட்சம் பேருக்கு என்று கணக்குப் போட்டால், ஊசி போடாதவர்களில் 117 பேர். ஒரு ஊசி போட்டவர்களில் 21 பேர். இரண்டு ஊசி போட்டவர்களில் 6 பேர்.

மரண ஆபத்து 95 சதவிகிதம் குறைகிறது என்று இதைச் சொன்னார்கள். இந்த 95 என்ற எண்ணைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். "நூறு பேர் ஊசி போட்டால் 5 பேர் சாவார்களா?" என்று கேட்டார்கள். அப்படி அர்த்தம் இல்லை! ஊசி இல்லாவிட்டால் 20 பேர் இறந்திருப்பார்கள் என்ற இடத்தில், ஊசியோடு ஒருவர் இறக்கிறார் என்று அர்த்தம்.

அந்த ஒருவரின் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தராது. வாஸ்தவம்.

பக்கத்துப் படுக்கை

மறுபடியும் நம் கதைக்கு வருவோம். தம்பி கிடக்கும் ஐ.சி.யூ.வில், பக்கத்துப் படுக்கையில் ஒரு பெரியவர். வயது 70-க்கு மேல். இரண்டு ஊசியும் போட்டவர். அவருக்கு ஏன் இந்தக் கதி?

உடம்பு வயதாக ஆக, அட்டை கொடுத்தாலும் தறி மெதுவாகத்தான் ஓடும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள், புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், நாள்பட்ட சர்க்கரை வியாதிக்காரர்கள் ஆகியோருக்கு ஊசியின் பலன் குறைவாகவே கிடைக்கும். ஊசி போட்டும் ஐ.சி.யூ.வுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

இத்தாலி தேசத்தில் லொம்பார்டி என்று ஒரு மாநிலம். மிலான் நகரம் இருக்கும் இடம். ஒரு கோடி ஜனத்தொகை. 2020-ல் கொரோனா அங்கே ஆடிய ஆட்டத்தை மறக்க முடியாது. 2021 ஆகஸ்டு முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை அங்கே ஐ.சி.யூ.வுக்கு வந்தவர்களைக் கணக்கு எடுத்தார்கள். மொத்தம் 553 பேர். 414 பேர் ஊசி போடாதவர்கள். 139 பேர் போட்டவர்கள்.

வயதைப் பாருங்கள். போடாதவர்களின் நடு வயது 60. போட்டவர்களின் நடு வயது 72. அவர்களுக்கு வேறு வியாதிகளும் அதிகம்.

அங்கே கேட்ட அடுத்த கேள்விதான் முக்கியமானது. ஐ.சி.யூ.வுக்குள் வந்துவிட்ட பிறகு, முன்பு போட்ட ஊசி காப்பாற்றுகிறதா?

வயதையும் மற்ற வியாதிகளையும் கழித்துப் பார்த்தார்கள். பிழைப்பதிலும் இறப்பதிலும் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை!

ஆனால் எல்லா இடத்திலும் இப்படிச் சொல்லவில்லை. கிரீஸ் தேசத்தில், மூச்சுக் கருவி பொருத்தப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், ஊசி முழுவதும் போட்டவர்களுக்கு மரண ஆபத்து குறைவு என்றார்கள். அமெரிக்காவில் 21 ஆஸ்பத்திரிகளில் பார்த்தார்கள். அங்கே கணக்கில் எடுத்தது ஐ.சி.யூ.வில் மட்டும் அல்ல, ஆஸ்பத்திரியில் சேர்ந்த எல்லோரையும். ஊசி போட்டும் கொரோனாவோடு படுத்தவர்கள் 142 பேர். அவர்களில் 17 பேர் மூச்சுக் கருவிக்குப் போனார்கள் அல்லது இறந்தார்கள். போடாதவர்கள் 1,054 பேர். அவர்களில் 261 பேருக்கு அந்தக் கதி. நூற்றுக்கு 12 எங்கே, 25 எங்கே!

இதில் இருந்து ஒன்று புரிகிறது. ஊசியின் பெரிய வேலை ஐ.சி.யூ. வாசலுக்கு வெளியே நடக்கிறது. ஆயிரம் பேரை அந்த வாசலுக்கு வராமல் திருப்பி அனுப்புகிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாலும், வியாதி மேலும் முற்றுவதைப் பலருக்குத் தடுக்கிறது. கடைசி வாசலையும் தாண்டிவிட்டால், ஊசியின் பலன் சிறுத்துப்போகிறது.

ஏன்? அந்தக் கட்டத்தில் கிருமியை விட, நம் உடம்பின் கோபமே பெரிய எதிரி. நுரையீரலில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. அங்கேதான் ரத்தம் ஆக்சிஜனை வாங்கிக்கொள்கிறது. கிருமியைத் தேடி வந்த படை, கண் மண் தெரியாமல் அந்தப் பைகளையே தாக்குகிறது. பைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. திருடனைப் பிடிக்க வந்தவர்கள் வீட்டை இடித்த கதைதான்!

அதனால்தான் டாக்டர்கள் அங்கே 'டெக்ஸாமெத்தசோன்' என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். படையின் கோபத்தைத் தணிக்கும் மருந்து அது. விலை மலிவு. மூச்சுக் கருவியில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு மரணத்தை அது தடுத்தது என்று 2020 ஜூனில் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பதும் ஒரு வைத்தியமே. முதுகுப் பக்கத்துக் காற்றுப் பைகள் திறந்துகொள்ளும்.

"சரி, ஐ.சி.யூ.வில் சேர்ந்த உடனே ஊசி போட்டால் என்ன?" என்று சிலர் கேட்டார்கள். பாவம், தம்பியின் மனைவியும் கேட்டிருப்பார். அப்போது போட்டுப் பயன் இல்லை. ஊசி வேலை செய்ய இரண்டு, மூன்று வாரம் ஆகும். அங்கே முடிவு நாட்களில் தெரிந்துவிடும்.

ஊசியால் கெடுதலே இல்லையா?

உண்டு. மறைக்க வேண்டியது இல்லை. கை வலி, ஜுரம், உடம்பு வலி பலருக்கு வந்தன. ஓரிரு நாளில் போயின. கோவிஷீல்டு போட்டவர்களில் வெகு சிலருக்கு ரத்தம் உறையும் கோளாறு வந்தது. 2021 மே மாதம் சர்க்கார் குழு சொன்ன கணக்குப்படி, இந்தியாவில் 10 லட்சம் ஊசிக்கு ஒருவருக்கும் குறைவு. மேல்நாடுகளில் இதை விட அதிகமாகக் காணப்பட்டது. கொரோனாவே ரத்தத்தை உறைய வைக்கும் வியாதிதான் என்பதையும் சேர்த்து எடை போட வேண்டும்.

2021 கடைசியில் 'ஓமிக்ரான்' வந்தது. ஊசி போட்டவர், போடாதவர் எல்லோருக்கும் ஜுரம் வந்தது. ஆனால் மே மாதத்தில் பார்த்த மரண ஓலம் திரும்ப வரவில்லை. கிருமியின் வீரியம் சற்றுக் குறைவு என்பது ஒரு காரணம். அதற்குள் பெரும்பாலோருக்கு ஊசியாலோ, முன்பு வந்த வியாதியாலோ எதிர்ப்புச் சக்தி ஏற்பட்டுவிட்டது என்பது இன்னொரு காரணம். 2023 மே 5-ந் தேதி, உலக சுகாதார நிறுவனம் அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது. கிருமி ஒழியவில்லை. ஜலதோஷம் போல இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. வயதானவர்களிடமும், வேறு வியாதி உள்ளவர்களிடமும் அது இன்றைக்கும் முரட்டுத்தனம் காட்டும்.

தம்பி என்ன ஆனார்?

பிழைத்தார்.

இரண்டு வாரம் ஐ.சி.யூ.வில் கிடந்து, ஜூன் இரண்டாவது வாரம் வீட்டுக்கு வந்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அவ்வளவு மெலிவு. ஐ.சி.யூ.வில் நாள் கணக்கில் படுத்தவர்களுக்குத் தசை கரைந்துவிடும். தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு மிதியை மிதித்தார். பத்து மிதிக்குள் மூச்சு இரைத்தது. ஆட்கள் கிடைக்காமல் அந்த முகூர்த்தச் சேலை பாதியில் நின்றது. அண்ணன் ஒருவரால் கோர்வை வாங்க முடியுமா?

குணமானவர்கள் மூன்று மாதம் கழித்து ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று சர்க்கார் சொல்லியிருந்தது. செப்டம்பர் 12-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடு முழுவதும் பெரிய தடுப்பூசி முகாம் நடந்தது. அன்று ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். அண்ணன் தம்பியை அழைத்துக்கொண்டு போனார். வரிசை நீளமாக இருந்தது. முன்பு பயந்தவர்கள் அதில் பலர்.

"கொரோனா வந்துச்சாய்யா உங்களுக்கு?" என்று நர்ஸ் கேட்டார்.

"வந்துச்சும்மா. மூணு மாசம் ஆச்சு."

"சரி, சட்டையைக் கழட்ட வேணாம். கையை மட்டும் மேலே மடிச்சு விடுங்க."

தம்பி மடித்துவிட்டார். சின்ன வயதில் அம்மை குத்திய வட்டத் தழும்பு தெரிந்தது. அதற்கு ஒரு விரற்கடை மேலே ஊசி இறங்கியது.